தோற்ற அணிக்கு எத்தனை ஆட்டம்? பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் போட்டிகள் பற்றி ஓர் ஆய்வு

வயது வரம்பிட்டு இளைஞர்களுக்கென்று தனியே போட்டி நடத்துவது எதற்காக என்ற வினா, பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உடற்கல்வியாளரும் அரசாங்கங்களும் விளையாட்டு ஸ்தாபனங்களும் வெவ்வேறு விதமாக விடை கூறிவந்த வினாவாகும். நற்குணத்தை வளர்ப்பதற்கு என்றனர் சிலர். நாளைய வீரர்களைக் கண்டெடுப்பதற்கு என்றனர் வேறு சிலர். கல்லூரியிலும் உத்தியோகத்திலும் ஓர் இடம் பெறுவதற்கு என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு செய்துகொண்டனர். சேலம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, கொல்லிமலையில் பிறந்து வரும் சுவேத நதியின் கரையில், தெற்கே பச்சைமலையைப் பார்த்தபடி மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் கெங்கவல்லி வட்டாரத்தில், ஆண்டுதோறும் பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் தொடங்கும்போது, இந்த விடைகள் எல்லாம் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

இக்கட்டுரை அவ்விடைகளை வரிசையாகப் பரிசீலிக்க முயல்கிறது. நம் நாட்டு உதாரணமாகப் பெரும்பாலும் கபடியை எடுத்துக்கொள்கிறேன். கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர்ப் பக்கத்தில் செலவில்லாமல் ஆடக்கூடியதும், பொங்கலையொட்டி ஊருக்கு ஊர் ஆடப்படுவதும் அதுவே. ஒப்புநோக்குவதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்துப் பருவத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் இளைஞர் போட்டி எதற்காக என்ற வினாவுக்கு ஒளிவுமறைவின்றி ஒரே விடையைத் தேர்ந்துகொண்டு, அதன் லாபத்தையும் நஷ்டத்தையும் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கண்டுவரும் போட்டி அது.

வினாவின் தோற்றம்

பள்ளி விளையாட்டுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரக்பி முதலிய தங்கும் பள்ளிகளில் ஒரு சித்தாந்தம் உருவாயிற்று. மைதானத்தில் தலைவனுக்குக் கீழ்ப்படியவும், தோல்வியைச் சகிக்கவும், சகாவுக்கு விட்டுக்கொடுக்கவும் கற்றவன் வாழ்க்கையிலும் அவ்வாறே நடப்பான் என்பது அதன் சாரம். அந்த ரக்பி பள்ளியில் படித்துத் திரும்பிய டாம் வில்ஸ் என்பவர், 1858 ஜூலையில் மெல்போர்ன் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில், கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளர்ந்துபோகாமல் இருக்கக் கால்பந்துச் சங்கம் ஒன்று தேவை என்று யோசனை கூறினார். அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்போர்ன் கிராமர் பள்ளிக்கும் இடையே, பக்கத்துக்கு நாற்பது பேராக, ஓர் ஆட்டம் தொடங்கிற்று. மூன்று தனித்தனி நாட்களில் ஆடியும் இரு தரப்பும் ஒவ்வொரு கோலுக்கு மேல் போடவில்லை. மறு ஆண்டு மே மாதத்தில் விதிகள் எழுதப்பட்டன. நீள்வட்டப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும், அணிக்குப் பதினெட்டுப் பேராகப் பெரிய கிரிக்கெட் மைதானத்தில் ஆடப்படும் அந்த ஆட்டம், ஆகவே, தன் முதல் அடியைப் பள்ளிப் பிள்ளைகளின் காலால் எடுத்து வைத்தது.

இதே சித்தாந்தம் நம் நாட்டுக்கு இரு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. இன்று நம் கிராமத்துப் பள்ளிகளில் விசில் ஊதும் உடற்கல்வி ஆசிரியரின் தொழில் மரபு பெரிதும் அங்கிருந்தே கிளைத்தது. மற்றொன்று, சுதேசி உணர்ச்சியிலிருந்து பிறந்த வியாயாம சாலைகளின் மரபு. 1914இல் அமராவதியில் தோன்றிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடியை அங்கே ஆடிக் காட்டியது. ஒன்று மேனாட்டு ஆட்டங்களையும் மற்றது நம் ஆட்டங்களையும் முன்வைத்தாலும், இளைஞனின் உடலும் ஒழுக்கமும் சேர்ந்து வளரவேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றே.

இக்கொள்கைக்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கிறது என்பதை எவரும் திட்டமாக நிறுவிக் காட்டியதில்லை. பயிற்சியாளர் எப்படியோ பிள்ளைகள் அப்படி என்பதே அனுபவம் காட்டுவது. மேலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் குணம் வளரவேண்டும் என்று பேசிய பள்ளிகளே, பன்னிரண்டு பேரை அணியில் சேர்த்துக்கொண்டு, மீதிப் பேரைக் கைதட்ட உட்கார வைத்தன.

தேர்வுக் களம் என்னும் கொள்கை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பழைய விடை பின்தள்ளப்பட்டு, இளைஞர் போட்டி என்பது திறமையைக் கண்டெடுக்கும் தேர்வுக் களம் என்னும் விடை மேலோங்கியது. சோவியத் நாடும் கிழக்கு ஜெர்மனியும் குழந்தைப் பருவத்திலேயே வீரர்களைப் பொறுக்கியெடுத்துப் பதக்கங்களைக் குவித்தது, கொள்கையளவில் அவர்களை எதிர்த்த நாடுகளையும் அவ்வழியில் சிந்திக்க வைத்தது.

விக்டோரியாவில் இம்மாற்றம் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. அங்கே 1946 முதல் பெரிய சங்கங்கள் ஒவ்வொன்றும் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியொன்றை வைத்திருந்தன. பின்னாளில், எல்லையோரப் பட்டணத்துப் பையன் ஒருவன், அவன் பகுதி எந்தச் சங்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ அச்சங்கத்துக்கே உரியவனானான். 1986இல், கடைசி இடத்தில் நின்ற சங்கம் முதலில் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வு முறை வந்தது. அதன்பின், பையன்களை எல்லாச் சங்கங்களும் சமமாகப் பார்க்கக்கூடிய பொதுக் களம் ஒன்று தேவைப்படவே, 1992இல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் போட்டி பிறந்தது. டி.ஏ.சி. கோப்பை என்று நெடுங்காலம் வழங்கிய அது, பிறகு என்.ஏ.பி. லீக் என்றும், இப்போது டேலண்ட் லீக் என்றும் பெயர் மாறியிருக்கிறது. மாநிலம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அணி அமைந்தது. மெல்போர்ன் நகரப் பக்கத்தில் ஆறும் நாட்டுப்புறத்தில் ஆறுமாகப் பன்னிரண்டு விக்டோரிய அணிகள் இன்று அதன் முதுகெலும்பு. வாங்கரட்டா என்னும் ஊரை மையமாகக் கொண்ட மர்ரே புஷ்ரேஞ்சர்ஸ் அணி, வடகிழக்கு விக்டோரியாவின் பட்டணங்களிலிருந்தும், ஆற்றைத் தாண்டிய நியூ சௌத் வேல்ஸ் ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்து ஆடுகிறது. எந்த அணியில் ஆடுவது என்பதைப் பையனின் விருப்பமோ பணமோ தீர்மானிப்பதில்லை, அவன் வீடு இருக்கும் இடம் தீர்மானிக்கிறது; பிறகு, இலையுதிர் காலத்தில் தொடங்கி செப்டம்பர் வரை, வாரந்தோறும் ஆட்டம்.

நம் நாட்டிலும் அரசாங்கம் இதே திசையில் நடந்தது. 1954இல் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பும், 1961இல் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனமும், 1984இல் இந்திய விளையாட்டு ஆணையமும், 1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அமைந்தன. விளையாட்டு விடுதிகள் திறக்கப்பட்டன. 2018இல் டில்லியில் பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான பள்ளிப் போட்டியாகத் தொடங்கிய கேலோ இந்தியா, பின்னர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் இளையோர் விளையாட்டாக உருமாறி, 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடைபெற்றது. அதில் 38 தங்கம் உட்பட 98 பதக்கங்கள் பெற்றுத் தமிழ்நாடு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இரண்டாம் இடத்தை அடைந்தது. தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் எட்டு ஆண்டுகள் உதவி என்பதும் அத்திட்டத்தின் அம்சம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் முதன்முறையாகக் கபடி சேர்க்கப்பட்டபோது, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட இந்திய ஆண், பெண் அணிகள் இரண்டும் இறுதியில் ஈரானை வென்று தங்கம் பெற்றதும், அவற்றில் சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்ததும் நமக்குப் பெருமையான செய்திகள்.

ஆயினும் தேர்வுக் கொள்கையின் பலவீனம் விக்டோரியாவிலேயே தெளிவாகத் தெரிகிறது. பகுதிகள் தாளில் சமம், வசதிகள் சமமல்ல. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கோப்பையை வென்றது சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ் என்னும் அணி. மெல்போர்னின் வளம்மிக்க கடற்கரைப் புறநகர்கள் அதன் பகுதி. அதன் வீரர்களில் பலர் பருவத்தின் முற்பகுதியில் தத்தம் தனியார் பள்ளிகளுக்கு ஆடிவிட்டு, பிறகு வந்து சேர்ந்துகொள்பவர்கள். நாட்டுப்புறத்துப் பையனோ பயிற்சிக்கே பல நூறு கிலோமீட்டர் காரில் போய் வரவேண்டும். இன்னொரு விஷயம். 2020இல் கொரோனாவினால் அந்தப் பருவம் முழுவதும் ரத்தாயிற்று. ஆனால் ஆண்டுத் தேர்வு ரத்தாகவில்லை. விக்டோரியப் பிள்ளைகள் அந்த ஆண்டு ஆட்டமே ஆடாமல் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பருவத்தின் ஒரே பயன் தேர்வுதான் என்றால், அது இல்லாமலே தேர்வு நடந்ததற்கு என்ன பொருள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வயது என்னும் அளவுகோல்

இரு கொள்கைகளும் வயதை ஒரு நேர்மையான அளவுகோலாக ஏற்றுக்கொள்கின்றன. அது அத்தனை நேர்மையானது அல்ல என்பதைக் கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

1985இல் கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லி என்பவரும் அவருடன் சேர்ந்தோரும், பனிவளைகோல் பந்தாட்ட இளைஞர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுந்தும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்தும் இருப்பதை எடுத்துக்காட்டினர். ஜனவரி முதல் தேதியைக் கணக்கு நாளாக வைத்தால், ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே வயதினராகவே எண்ணப்படுவர். ஆனால் பதினான்கு வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்பது தோளிலும் தொடையிலும் பிரத்தியட்சமாகத் தெரியும் வேறுபாடு. பெரியவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான், நல்ல பயிற்சியும் அதிக ஆட்டமும் அவனுக்கே கிடைக்கின்றன, சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே சிறந்தவனாகிவிட, முதலில் செய்த தேர்வு சரியானதாகத் தோன்றுகிறது. இதே பாங்கு பல நாடுகளில், பல ஆட்டங்களில் பிறகு காணப்பட்டது. தப்பித் தவறி நிலைத்து நின்ற டிசம்பர்ப் பிள்ளைகள் பிற்காலத்தில் மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறுகிறார்கள் என்ற அபிப்பிராயமும் உண்டு. ஆனால் நிலைக்காமல் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பதை மறக்கலாகாது.

நம் பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்று வயது வகுக்கப்படுகிறது. கணக்கு நாள் இங்கும் ஜனவரி முதல் தேதியே. ஆனால் கனடாவில் எழாத ஒரு முன்கேள்வி நமக்கு உண்டு. தேதி உண்மையானதா? சென்ற தலைமுறையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் ஊர்ப் பிள்ளைகளில் பலர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்திருப்பார்கள். அது எவரையும் ஏமாற்றச் செய்ததன்று. வயதைக் குறைத்துக் காட்டிப் போட்டியில் சேர்க்கும் இன்றைய மோசடி வேறு ஜாதி. ராகுல் திராவிட் 2015இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இதனை எடுத்துப் பேசி, வயதை மறைத்து ஆடுபவனால் நேர்மையான பையன் ஒருவனின் இடம் பறிபோகிறது என்பதைக் கவனப்படுத்தினார். மத்திய அரசு 2010இல் வயது மோசடிக்கு எதிரான விதித் தொகுப்பொன்றை வெளியிட்டது. கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சியைப் படமெடுத்துக் கணிக்கும் முறையைக் கையாள்கிறது. எலும்புப் பரிசோதனையும் முற்ற முடிந்த தீர்ப்பல்ல. எலும்பு சீக்கிரம் முதிர்ந்த நேர்மையான பிள்ளை தண்டிக்கப்படுவதும், தாமதமாக முதிரும் மோசக்காரன் தப்புவதும் அதில் நேரக்கூடியவை.

கபடி இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழியை வெகு காலமாகவே வைத்திருக்கிறது. வயதோடு எடையையும் சேர்த்துக் கணக்கிடுவதே அது. தேசியச் சம்பிரதாயப்படி, சப்ஜூனியர் பையன் பதினாறு வயதுக்குள்ளும் 55 கிலோவுக்குள்ளும் இருக்கவேண்டும். ஜூனியருக்கு இருபது வயதும் 70 கிலோவும் எல்லை. ஊர்ப் போட்டிகளில் வயதையே விட்டுவிட்டு, இத்தனை கிலோ எடைப்பிரிவு என்று சுவரொட்டி ஒட்டிவிடுகிறார்கள். உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவைக்கும் யோசனையை இங்கிலாந்தின் பெரிய கால்பந்துச் சங்கங்கள் அண்மைக் காலத்தில்தான் புதுமை என்று பரீட்சித்துப் பார்த்தன.

ஆனால் எடைக்கும் ஒரு விலை உண்டு. போட்டியன்று காலையில் எடை பார்க்கும் இடத்தில் சற்று நின்று பார்த்தால் அது விளங்கும். முந்தின இரவு சாப்பிடாமல் வந்த பையன் தராசில் ஏறுகிறான். முள் 55ஐத் தாண்டி அரைக் கிலோ காட்டுகிறது. இறங்கி, வெயிலில் மைதானத்தை நான்கு சுற்றுச் சுற்றி ஓடி, எச்சிலைத் துப்பிக்கொண்டே மறுபடி வருகிறான். சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான். முள் கோட்டுக்குள் நின்றதும் உடற்கல்வி ஆசிரியர் தோளைத் தட்டி இறக்குகிறார். அவன் ஓரமாகப் போய், பொட்டலத்திலிருக்கும் புளிச்சோற்றை அவசர அவசரமாக அள்ளித் தின்றுவிட்டு, ஒரு மணி நேரத்தில் பாடிச் செல்லத் தயாராகிறான். வளரும் வயதில் இப்படிப் பட்டினி கிடப்பது உடம்புக்கு ஆகாது என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. நியாயத்துக்காக ஏற்பட்ட விதி, பிள்ளையின் வயிற்றில் கைவைக்கிறது; இதற்கு ஒரு நல்ல மாற்று இன்னும் வகுக்கப்படவில்லை.

சான்றிதழ்

கல்லூரியிலும் உத்தியோகத்திலும் இடம் பெறுவதற்கு என்ற பெற்றோரின் விடையை ஆராய்ச்சியாளர் பலர் இழிவாகக் கருதுகின்றனர், அது சரியன்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் சேர்க்கையில் 500 இடங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகும் ஒரு குடும்பம், மகன் மாநில அளவில் ஆடிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவது வெறும் பெருமைக்காக அல்ல. ஆனால் சான்றிதழின் மதிப்பு எந்த மட்டம் வரை போனாய் என்பதைப் பொறுத்தது. எத்தனை ஆண்டு ஆடினாய் என்பதை அது கேட்பதில்லை. ஆகவே, பள்ளியும் பெற்றோரும் ஒரு நாள் வெற்றியைத் தேடி, பெரிய பையனை மட்டும் ஆடவிட்டு, சிறியவனை உட்கார வைக்கும் தூண்டுதலுக்கு ஆளாகிறார்கள்.

ஏணியில் ஏறாதவர்கள்

சேலம் மாவட்டத்தின் இரு பெருவீரர்களை நினைத்துப் பார்க்கவேண்டும். சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த தங்கராசு நடராஜன் இருபது வயதை ஒட்டும்வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டே ஆடிக்கொண்டிருந்தார். இந்தியாவின் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் அவர் இருந்ததில்லை. 2015 தொடக்கத்தில் ரஞ்சிக் கோப்பையில் இறங்கியவர், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறிக் கால் சிதைந்தவர். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவரை உயரம் தாண்டச் சொன்னார். பதினான்கு வயதில் உடற்குறையில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் பெற்றது உலகறிந்தது. ஒருவர் வயதுப் போட்டிகளின் ஏணியில் ஏறாமலே வந்தார். மற்றவருக்கு அந்த ஏணியின் முதல் படியில் நின்ற ஆசிரியர் ஒருவரே போதுமானவராக இருந்தார்.

இவை தனி மனிதர்களின் அபூர்வ சரித்திரங்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆயின் ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்னே கியூலிஹும் அவருடைய சகாக்களும் அண்மையில் திரட்டி வெளியிட்ட ஆய்வுகளும் அதே திசையைக் காட்டுகின்றன. இளமையில் உச்சியில் இருந்தவர்களும் பெரியவர்களானபின் உச்சியை அடைந்தவர்களும் பெரும்பாலும் வேறு வேறு மனிதர்கள் என்பதும், பின்னவர் சிறுவயதில் பல ஆட்டங்களை ஆடி, தம் ஆட்டத்தைச் சற்றுத் தாமதமாகவே தொடங்கினர் என்பதும் அவர்கள் முடிவு. நார்வே நாடு 1987 முதல் குழந்தைகளின் விளையாட்டு உரிமைகளை விதியாகவே எழுதிவைத்து, பதினொரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கூடாதென்று தடுத்திருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பெற்றதும் அதே நாடுதான். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நிச்சயமாகக் கூற முடியாது. நார்வேயின் செல்வமும் பனியும் நமக்கு இல்லை. குழந்தைகளைச் சீக்கிரம் பொறுக்காமல் விட்டால் நாடு பின்தங்கிவிடும் என்ற அச்சத்துக்கு மாத்திரம் அது போதிய மறுப்பு என்று கருதலாம்.

ஒரு நாளா, ஒரு பருவமா?

இதுவரை கண்ட விடைகள் எல்லாம் யாரைத் தேர்ந்தெடுப்பது, எந்த வயதில், எந்த அளவுகோலால் என்பதைப் பற்றியவை. தேர்ந்தெடுக்கப்படாதவன் எத்தனை ஆட்டம் ஆடினான் என்ற கேள்வி இவ்விவாதத்தில் அரிதாகவே எழுகிறது. அதுவே முதல் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

குறுவட்டப் போட்டியில் பதினாறு பள்ளிகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையில் மொத்தம் பதினைந்தே ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும். நான்கு அணிகள் இரண்டு ஆட்டம் ஆடும். இறுதிக்கு வரும் இரு அணிகளே நான்கு ஆட்டம் ஆடும். கபடியில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பாதிக்குப் பதினைந்து நிமிடமாக அரை மணி நேரமே ஆட்டம். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் மாற்று. ஆகவே, ஜூன் முதல் மாலைதோறும் பள்ளித் திடலில் பழகிய பெண்ணுக்கு, அரசுப் போட்டியில் அந்த ஆண்டுக்குக் கிடைப்பது முப்பது நிமிடம். மாற்று வரிசையில் இருந்தால் அதுவும் இல்லை. வென்ற பள்ளி ஆத்தூருக்கும், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள சேலத்துக்கும் போகும்; மேலும் மேலும் ஆடும்; மேலும் நன்றாக ஆடும். ஏற்கெனவே வல்லவர்களுக்கே ஆட்டத்தை வாரி வழங்கும் சல்லடை இது.

விக்டோரியப் பருவத்தில் நான் மதிக்கும் அம்சம் அதன் தேர்வுத் திறமையன்று. கடைசி இடத்தில் நிற்கும் அணியும் குளிர்காலம் முழுவதும் ஆடுகிறது என்பதே. ஜூனில் மோசமாக ஆடியவன் ஆகஸ்டில் திருந்துவதற்கு அங்கே அவகாசம் இருக்கிறது. பந்தைத் தவறவிட்ட பையனுக்கு அடுத்த சனிக்கிழமை உண்டு. நம் நாட்டிலும் இம்முறை புதிதன்று. பள்ளிகளுக்கான போட்டியாக 1945–46இல் தொடங்கிப் பின்னர் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டியாக மாறிய கூச் பெஹார் கோப்பையில், மாநிலங்கள் பிரிவுகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று பல நாள் ஆட்டங்கள் ஆடுகின்றன. ஆனால் கிரிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது. அதுவும் மாநில அளவில்தான். கண்ணகி நகரிலும் வடுவூரிலும் பருவம் என்று எவரும் பெயரிட்டு நடத்தவில்லையாயினும், அங்கே ஊரே ஆண்டு முழுவதும் ஆட்டத்தை விடாமல் வைத்திருக்கிறது என்பதை இங்கே சேர்த்து எண்ணவேண்டும்.

எதிர்வாதங்கள் பலமானவை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை முன்னிட்டு ஆசிரியர்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவர். பல பள்ளிகளில் ஒரே உடற்கல்வி ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் எல்லா ஆட்டங்களையும் பார்க்கவேண்டும். பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் அவர் சட்டைப் பையிலிருந்தே போவதும் உண்டு. பதினாறு அணிகள் முழு லீக் ஆடினால் 120 ஆட்டங்கள். அது நடவாத காரியம். ஆனால் நான்கு நான்காகப் பிரித்து, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 24 ஆட்டங்கள், பிரிவு வென்ற நால்வருக்குள் அரையிறுதியும் இறுதியுமாக மூன்று, ஆக 27. இப்போதைய பதினைந்தைவிடப் பன்னிரண்டே அதிகம். ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும், இரண்டு களங்களில் ஒரு பகல் பொழுதுக்குள் அடங்கும். அந்த ஒரு நாளுக்கு ஈடாக ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்கிறது. பச்சைமலை அடிவாரத்துப் பள்ளிகள் தங்களுக்குள் சனிக்கிழமைகளில் இப்படி ஆடிக்கொண்டால், பேருந்துச் செலவும் பெரிதாக இராது.

எஞ்சி நிற்பவை

மூன்று ஆட்டம் ஆடிய பிள்ளை ஓர் ஆட்டம் ஆடியவனைவிட நல்ல வீரனாகிறானா என்பதை இங்கே இனித்தான் எவரேனும் அளந்து பார்த்து நிறுவவேண்டியிருக்கிறது. ஆட்டம் மிகுந்தால் காயமும் மிகும் என்ற ஆட்சேபம் ஒதுக்கத்தக்கதன்று. எடைக்காகப் பட்டினி கிடப்பது, ஒரு நாள் போட்டியில் ஒருமுறை நேர்வது, வாரந்தோறும் ஆட்டமானால் வாரந்தோறும் நேருமா, அல்லது பருவத் தொடக்கத்தில் ஒரே முறை எடை பார்த்தால் போதுமா என்பதும் தீராத விஷயம். தேர்வும் பங்கேற்பும் ஒரே போட்டியில் பொருந்துமா, இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டுமா என்பதில் ஆஸ்திரேலியரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி பெண்பிள்ளைகளைப் பற்றியது. விக்டோரியாவில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கென அதே முறையில் தனிப் பருவம் 2017இல்தான் ஏற்பட்டது. அதாவது பையன்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. இங்கே, பருவம் வந்தபின் மகளைச் சனிக்கிழமை மாலை வரை திடலில் விட்டுவைக்கப் பெற்றோர் எத்தனை பேர் இசைவர், பெண் உடற்கல்வி ஆசிரியை இல்லாத பள்ளியில் அவர்களை யார் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவது, மலையூர்களுக்குப் போகும் கடைசிப் பேருந்துக்கு முன் ஆட்டம் முடியும்படி அட்டவணை எழுத முடியுமா என்பன, கொள்கையைவிட இந்த வட்டாரத்தின் சாலைகளையும் பேருந்து நேரங்களையும் அறிந்தவர்கள் உட்கார்ந்து தீர்க்கவேண்டிய காரியங்கள்.